ரெண்டு மொகலாயர், ஒரு அரை மௌரியர்

வீரபாகுவுக்கு முப்பத்தெட்டு வயசில் மறுபடியும் பள்ளிக்கூடப் புஸ்தகம் கைக்கு வந்தது. படிப்பு மேல் வந்த ஆசை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எல்லாம் ஒரு நாற்காலி மேல் வந்த ஆசை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் தகரக் கொட்டகைக்குக் கீழே, ஜப்பாரியா மோட்டார் சர்வீஸின் டைம் கீப்பர் உட்காருகிற பிரம்பு நாற்காலி. அதற்கு ஒரு கை ஆடும். நடுவில் பிரம்பு கிழிந்து அட்டை வைத்திருக்கும். இருந்தால் என்ன, உட்காரலாம் இல்லையா? வீரபாகுவுக்கு அது போதும்.

பதினாலு வருசமாக அவன் ஜப்பாரியா வண்டியில் கண்டக்டர். பாவூர்சத்திரத்திலிருந்து குற்றாலம், குற்றாலத்திலிருந்து பாவூர்சத்திரம், ஒரு நாளைக்கு ஆறு நடை. அத்தனையும் நின்றுகொண்டே. காக்கி அரைநிஜாருக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே ரொம்ப நேரம் நிக்கக்கூடாதுப்பா" என்றார். "அப்பம் படுத்துக்கிட்டே டிக்கெட் கிழிக்கேன் டாக்டர், ஏறுற சனம் மட்டும் பாத்து மிதிக்கணும்" என்றான் வீரபாகு. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் மருந்து எழுதவே மறந்துபோனார். பாதித் தெரு தாண்டியபிறகுதான் வீரபாகுவுக்கே அது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டான்.

அவன் வாய் அப்படி. குட்டையான ஆள், தொப்பை ஒரு அடி முன்னால் போகும், தலை பாதி வழுக்கை. அடுத்தவன் கேலி பண்ணுவதற்கு முந்தி தன்னைத் தானே பண்ணிக்கொண்டால் அடி கொஞ்சம் லேசாக விழும் என்று சின்ன வயசிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தான். வண்டியில் கூட்டம் நெருக்கினால், "உள்ள போங்க தாயி, என் வயித்துக்கும் சேத்து ரெண்டு ஆளு எடம் வேணும்" என்பான். காலைப் பற்றி யாராவது கேட்டால் தூக்கியே காட்டுவான். "இந்தா கங்கை, இந்தா யமுனை. காசிக்குப் போக வசதியில்லாதவுக இங்கனயே கும்பிட்டுக்கிடலாம்." வண்டி முழுக்கச் சிரிக்கும். வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சிரிக்காத ஆள் ஒருத்தி உண்டு. வீட்டுக்காரி முப்பிடாதியம்மாள். சுந்தரபாண்டியபுரத்துக்காரி. சாயங்காலம் அவன் வந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் அவன் கால் இரண்டையும் இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவன் என்ன கேலி பண்ணினாலும், "சரி, கால அசைக்காதிய" என்பதோடு சரி.

நாற்காலி எப்படிக் காலியானது என்று சொல்லவேண்டும். முந்தி டைம் கீப்பராக இருந்தவர் ஆவுடையப்பன். வண்டி எப்போது வரும், எப்போது போகும், இந்த ரெண்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். போன சீசனுக்குக் குற்றாலத்தில் குளிக்க வந்த மெட்ராஸ்காரர் ஒருவர், தென்காசிக் கோயிலின் பிளந்த மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதைக் கட்டினது யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் கட்டலை" என்றாராம் ஆவுடையப்பன்.

"இந்தச் சிற்றாறு எங்கே போகுது?"

"எங்கயும் போவலை. இங்கனதான் கெடக்கு."

"குற்றாலத்துச் சித்திரசபையிலே சுவர்ல என்னென்ன படம் இருக்கு?"

"பாத்துச் சொன்னவுக யாருமில்ல. அடுத்த வண்டி மூணு அம்பது."

மெட்ராஸ்காரர் ஊருக்குப் போய் நாலு பக்கத்துக்குக் கடிதாசி எழுதிவிட்டார். முதலாளி அப்துல் ஜப்பார் ரெண்டாம் வகுப்போடு நின்றவர். வில்வண்டி ஓட்டி, அதை விற்று ஒரு பஸ் வாங்கி, ஒன்றை ஏழாக்கியவர். படிப்பு என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. ரோட்டில் கிடக்கிற எழுத்துக் காகிதத்தைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். கடிதாசியைக் கணக்கப்பிள்ளை வாசிக்கக் கேட்டதும் மனுசருக்கு முகம் செத்துப்போய்விட்டது. பொங்கலோடு ஆவுடையப்பன், "போதும்பா" என்று வீரகேரளம்புதூரில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளி எல்லோரையும் ஷெட்டில் கூட்டி நிறுத்தினார்.

"இனிமே நம்ம நாக்காலியில உக்காருதவனுக்குச் சரித்திரம் தெரியணும், பூகோளம் தெரியணும், சித்திரமும் தெரியணும். ஏழாங்கிளாஸ் புஸ்தகத்துல பரீச்சை. வைகாசி மாசம் கடைசி ஞாயித்துக்கெழம. கூட மார்க் வாங்குதவன் சீசனுக்கு நாக்காலியில."

"நாக்காலியில உக்காந்தா பாட்டும் பாடணுமா மொதலாளி?" என்றான் வீரபாகு. ஷெட்டே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் வீரபாகு, "என் பேரையும் எழுதிக்கிடுங்க" என்றான். அதற்கு அதைவிடப் பெரிய சிரிப்பு கிளம்பியது.

பேர் கொடுத்தது ரெண்டே பேர். இன்னொருவன் பரீது, செங்கோட்டை வண்டிக் கண்டக்டர். இருபத்தஞ்சு வயசுப் பையன். டிக்கெட் கொடுக்கும்போது ஊர் பேரைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. மற்றவர்களெல்லாம் பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதுமே பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார்கள்.

குற்றாலம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ரெபேக்காள் டீச்சர் தினமும் காலையில் பாவூர்சத்திரத்தில் ஏறுவாள். மறுநாள் வீரபாகு அவளிடம் போய் நின்றான்.

"டீச்சர், ஒரு மக்குப்பய இருக்கான். ஏழாங்கிளாஸ் பாடம் சொல்லித் தருவியளா?"

"எந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் அண்ணாச்சி?"

"பள்ளிக்கூடம் அவனை வெரட்டி இருவத்தாறு வருசம் ஆகுது. இப்பம் உங்ககிட்டத்தான் டிக்கெட் கேட்டுக்கிட்டு நிக்கான்."

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருந்தாலும் நல்ல பிள்ளை. அடுத்த நாளே மூணு புஸ்தகம் கொண்டுவந்தாள். பாடம் ஓடுகிற வண்டியில் நடந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேள்வி கேட்பாள். வாத்தியார் உட்கார்ந்திருக்க மாணாக்கன் நிற்பது முறைதானே என்று சொல்லிக்கொண்டு வீரபாகு கம்பியைப் பிடித்தபடி பதில் சொல்வான். பதிலா அது! குப்தருக்குப் பிறகு மௌரியர் என்பான். பாபரைத் தூக்கி அசோகருக்கு மகனாக வைப்பான். "ஹுமாயூன் எப்படி இறந்தார்?" என்று கேட்டால், "பாவம், நல்ல மனுசன்" என்பான். ஒரு மாசம் ஆகியும் ஒன்றும் ஒட்டவில்லை.

ஒரு நாள் டீச்சர் பொறுமை இழந்து, "வரிசையா வரணும் அண்ணாச்சி, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு! உங்களுக்கு எதுவுமே வரிசையா ஞாபகம் இருக்காதா?" என்று கேட்டாள். வீரபாகுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் இருக்காது? பாவூர்சத்திரம், கீழப்புலியூர், தென்காசி, மேலகரம், நன்னகரம், குற்றாலம். தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க" என்றான். சொல்லிவிட்டு அப்படியே வாயைப் பிளந்து நின்றான்.

அன்றைக்கே ராஜாக்களை எல்லாம் ஸ்டாப்பில் ஏற்றி இறக்கிவிட்டான். பாவூர்சத்திரம் சிந்து சமவெளி. கீழப்புலியூர் மௌரியர். தென்காசி குப்தர். மேலகரம் டில்லி சுல்தான்கள். நன்னகரம் மொகலாயர். குற்றாலம் வெள்ளைக்காரன், அவன்தானே கடைசியாக வந்து, இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தவன்! வண்டி ஒரு ஸ்டாப் தாண்டினால் ஒரு வம்சம் முடிந்தது. குற்றாலம் போகிற நடையில் வண்டி பின்னால் போவதில்லை, அதனால் பாபர் இனிமேல் அசோகருக்கு மகனாக வழியே இல்லை.

சனம் இதைப் பிடித்துக்கொண்டது பாருங்கள், அதுதான் வேடிக்கை. பாவூர்சத்திரம் சந்தையில் காய் வாங்கி நன்னகரத்தில் கூடையில் விற்கிற ஹைருன் பீவி ஒரு நாள் ஏறியதும் சத்தமாக, "ஏ வீரபாகு, எனக்கும் மருமவளுக்கும் ரெண்டு மொகலாயர். இந்தப் புள்ள அத்த வீட்டுல எறங்குதா, அவளுக்கு ஒரு அரை மௌரியர்!" என்றாள். வண்டி குலுங்கியது. அதற்குப் பிறகு அந்த வண்டியில் யாரும் ஊர் பேர் சொல்லி டிக்கெட் கேட்கவில்லை. வெளியூர் ஆள் யாராவது "மேலகரம் ஒண்ணு" என்று கேட்டால் நாலு பேர் திரும்பி, "சுல்தான்னு கேளுங்க, அப்பத்தான் தருவாரு" என்று திருத்தினார்கள். டிரைவர் கைலாசம் பிரேக்கை மிதித்து, "குப்தரெல்லாம் எறங்குங்க, வண்டி நிக்காது!" என்று கத்துவார். பின்னால் வருகிற வண்டியில் இடம் கிடந்தாலும் அதை விட்டுவிட்டு வீரபாகு வண்டிக்காகக் காத்து நின்றார்கள்.

சித்திரம்தான் உருப்படவில்லை. முதலாளி தன்னுடைய பித்தளைக் கூஜாவை மேஜையில் வைப்பார், அதைப் பார்த்து வரையவேண்டும் என்று தகவல் கசிந்திருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தாள். வீரபாகு போடுகிற கூஜாவுக்கு ஒரு பக்கம் சரியாக இருக்கும். மறுபக்கம் பல்வலி வந்த கன்னம் மாதிரி வீங்கிக்கொண்டு நிற்கும். "ஓடுற வண்டியில வரைஞ்சா கூஜாவும் ஓடத்தான செய்யும்" என்று அவனே சொல்லிக் காட்டிவிடுவான்.

பூகோளத்தைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. டீச்சர் ஒரு நாள் பெரிய இந்தியா படம் கொண்டுவந்து விரித்தாள். மேலகரம் தாண்டும்போது காற்று அதைப் பிடுங்கி வயலுக்குள் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு புஸ்தகத்தில் இருந்த உள்ளங்கை அளவுப் படம்தான். "அதையாவது நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, எது எந்தப் பக்கம்னு" என்றாள்.

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லிட்டிய? மேக்கும் கெழக்கும் எனக்குப் படம் பாத்தா தெரியணும்? பொறந்ததுலருந்து மலையைப் பாத்துத்தான் பல்லு வெளக்குதேன். மலை இருக்கது மேக்க. மலைக்கு அங்கிட்டு அரபிக்கடல். இங்கிட்டு வங்காள விரிகுடா. முடிஞ்சுபோச்சு."

அது உண்மைதான். தென்காசியில் கண் தெரிந்த எவனுக்கும் மேற்கு எது என்று சந்தேகம் வராது. ஜன்னலைத் திறந்தால் மலை நிற்கும்.

மே மாசம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் டீச்சர் வண்டியில் வரவில்லை. அவளுக்குப் பதில் வண்டியே கேள்வி கேட்டது. ஹைருன் பீவிக்கு இதற்குள் அக்பர் முழுக்க அத்துப்படி. வீரபாகு தப்புச் சொன்னால் கத்தரிக்காயால் எறிவாள். பரீட்சைக்கு முந்தின நாள் முப்பிடாதியம்மாள் அவனுடைய வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் துவைத்துவைத்தாள். "கெடச்சிரும்லா?" என்று மட்டும் கேட்டாள். அவள் எதையும் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. வீரபாகு அதற்கும் என்னமோ கேலியாகச் சொல்லிவைத்தான். ஆனால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

பரீட்சைக்காகத் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முதலாளி ஒரு அறை கேட்டு வாங்கியிருந்தார். கேள்வி எடுத்ததும் மேற்பார்வை பார்த்ததும் ரெபேக்காள் டீச்சர். சுவரில் தொங்கிய இந்தியா படத்தைச் சுருட்டி மூலையில் சாத்திவைத்திருந்தாள். பெஞ்சுகள் தெற்குப் பார்த்துக் கிடந்தன. வீரபாகு ஒரு பெஞ்சு, பரீது ஒரு பெஞ்சு. வீரபாகுவுக்கு வலது கைப் பக்கம் பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. முதல் சாரலுக்கு மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"மௌரியர் ஆட்சியைப் பற்றி எழுதுக" என்று முதல் கேள்வி. வீரபாகு கண்ணை மூடிக் கீழப்புலியூரில் வண்டியை நிறுத்தினான். அசோகர் ஏறினார். மூணு பக்கம் எழுதித் தள்ளினான். அசோகர் சாலையின் இருபுறமும் நட்டது புளியமரம் என்று எழுதிவிட்டான், கீழப்புலியூர் ரோட்டில் அதுதானே நிற்கிறது. பிறகு கூஜா. ஓடாத இடத்தில் உட்கார்ந்து வரைந்தும் அது வீங்கத்தான் செய்தது. கடைசியில் பூகோளம். கோடு மட்டும் போட்ட வெற்று இந்தியா படம் ஒன்று தந்திருந்தார்கள். மலை, கடல், நாலைந்து ஊர் குறிக்கவேண்டும். வீரபாகு படத்தை மேஜையில் விரித்தான். ஜன்னலைப் பார்த்தான். மலை வலது கைப் பக்கம் இருந்தது. படத்தில் வலது கைப் பக்கம் கூம்பு கூம்பாக மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்தான். அதற்கு அங்கிட்டு அரபிக்கடல், அதன் கரையில் பம்பாய். இடது கைப் பக்கம் வங்காள விரிகுடா, அங்கன கல்கத்தா. மலையடிவாரத்தில் ஒரு புள்ளி வைத்துத் தென்காசி என்று எழுதினான். எழுதி முடித்துப் பார்க்க அவனுக்கே பெருமையாக இருந்தது. இந்த ஒன்றில் அவனை யாரும் அசைக்க முடியாது.

மத்தியானம் முதலாளி வந்தார். அதற்குள் பாதி வண்டி சனம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கூடிவிட்டது. கைலாசம் வந்திருந்தார். ஹைருன் பீவி யாவாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். டீச்சர் மார்க்கை வாசித்தாள். சரித்திரம்: வீரபாகு முப்பத்திமூணு, பரீது இருபத்தேழு. ஹைருன் பீவி கை தட்டினாள். சித்திரம்: வீரபாகு ஆறு, பரீது பன்னிரெண்டு. கூட்டிப் பார்த்தால் ரெண்டு பேரும் முப்பத்தொன்பது. பூகோளத்துக்கு டீச்சர் பேப்பரை எடுக்கும்போது முதலாளி கையை நீட்டினார்.

"அதை நான் திருத்துதேன்மா. சரித்திரம் எனக்குத் தெரியாது. ஆனா முப்பது வருசமா ரோட்டுல வண்டி விடுதேன். எது எந்தப் பக்கம்னு தெரியாமலா விட்டேன்?"

அவர் மேஜைக்குப் போகவில்லை. முதல் பெஞ்சில் போய், சின்னப் பிள்ளை மாதிரிக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "பெஞ்சுல உக்காந்து அம்பத்திரெண்டு வருசமாச்சு" என்று பலகையைத் தடவிக்கொண்டார். ரெண்டு படத்தையும் முன்னால் விரித்தார். எழுத்தை அவர் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் கூம்பு கூம்பாக இருப்பது மலை என்பதற்கு வாசிக்கவேண்டாம். ஜன்னலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

"வீரபாகு மலையை இந்தப் பக்கம் போட்டிருக்கான். மலையும் இந்தப் பக்கம்தான் இருக்கு. ரைட். ஏலே பரீது, நீ என்னலே மலையைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிருக்க? அது சந்தைக்குப் போற பக்கம்லா? பாவூர்சத்திரத்துலயா அருவி விழுது?"

பரீது எழுந்து நின்றான். "மொதலாளி, அது வந்து..." என்றான். "சும்மா இருலே, கண்ணு முன்னால நிக்கி மலை" என்றார் முதலாளி. பரீது உட்கார்ந்துவிட்டான். தலையைக் குனிந்துகொண்டான், காதெல்லாம் சிவந்துபோனது.

வீரபாகுவுக்கு அடி வயிற்றிலிருந்து சந்தோஷம் கிளம்பியது. டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவனைப் பார்க்காமல் மூலையில் சாத்தியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். அந்த மூடிய உதட்டைப் பார்த்ததும் அவனுக்கு என்னமோ சுருக்கென்றது. உள்ளங்கைப் படம் ஞாபகத்துக்கு வந்தது. பம்பாய் அதில் எந்தப் பக்கம் இருந்தது? இடது பக்கம். புஸ்தகத்தில் அவன் கட்டை விரல் வைத்துப் பிடிக்கிற பக்கம். படத்துக்கு வடக்கு மேலே. அவனோ தெற்கைப் பார்த்து உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அட பாவி மட்டை, முழு இந்தியாவையும் திருப்பிப் போட்டிருக்கிறாய்!

விசயம் தெரிந்தவர்கள் மூணே பேர். டீச்சர் சொல்லமாட்டாள், அவள் மனசு எந்தப் பக்கம் என்று தெரிகிறது. பரீதால் சொல்ல முடியாது, முதலாளி அடக்கிவிட்டார். மிச்சம் வீரபாகு. வாயை மூடு வீரபாகு, இந்த ஒரு தடவை மட்டும் வாயை மூடு, நாளைக்கே நாற்காலியில் உட்காரலாம், காலை நீட்டிக்கூட வைத்துக்கொள்ளலாம் என்று அவனே அவனிடம் கெஞ்சினான். முதலாளி பென்சிலை எடுத்து அவன் பேப்பரில் மார்க் போடக் குனிந்தார்.

பரீதின் முகம் அவனைக் குத்தியது உண்மை. அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீரபாகு பின்னால் யோசித்துப் பார்த்தபோது, பாதிதான் அது. மீதிப் பாதி, தன்னைப் பற்றி அப்படி ஒரு கேலி முழுசாகத் திரண்டு வாய்க்குள் வந்து நின்றபிறகு அதை விழுங்கி அவனுக்குப் பழக்கமே இல்லை.

"மொதலாளி, கொஞ்சம் பொறுங்க" என்றான். "இந்தப் படப்படி பாத்தா மெட்ராஸ்காரரு குற்றாலத்துக்கு வரவே வேண்டாம். அருவி அவரு வீட்டு வாசல்லயே விழுது. கதவைத் தொறந்து நின்னாப் போதும், குளிச்சிரலாம். பொறவு கடிதாசி எங்க, டைம் கீப்பர் எங்க?"

"என்னலே சொல்லுத?"

"நான் இந்தியாவத் திருப்பிப் போட்டுட்டேன் மொதலாளி. சட்டைய உள்பக்கம் வெளிய வரப் போட்ட மாதிரி. என் மச்சினன் பம்பாய் மில்லுல வேல பாக்கான். பாவம், அவனைக் கொண்டுபோயி கல்கத்தா பக்கம் விட்டுட்டேன். சம்பளத்துக்கு எங்கன போயி நிப்பானோ! செங்கோட்டை திருவிதாங்கூர்லருந்து நம்ம பக்கம் வந்து ரெண்டு வருசம்கூட ஆகலை, அதைத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டுட்டேன். பரீது படம்தான் சரி."

டீச்சர் சுருட்டியிருந்த படத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். முதலாளி எழுந்து போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார். திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "நானும்லாலே ரைட்டுன்னு சொன்னேன்! முப்பது வருசம் வண்டி விட்டேன், நானும்லா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் சிரிக்கச் சனமும் சிரித்தது. வீரபாகு விடவில்லை. தான் ஜன்னலைப் பார்த்துப் பார்த்து மலை போட்டதை நடித்துக் காட்டினான். கூஜா கர்ப்பமாக இருந்ததால் அதற்குக் கூடுதல் மார்க் உண்டா என்று டீச்சரிடம் கேட்டான். ஹைருன் பீவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் முதலாளி பரீதின் தோளைத் தட்டினார். "நாக்காலி இவனுக்குத்தான். திட்டினதுக்கு மன்னிச்சுக்கோடே." பிறகு வீரபாகுவிடம் வந்தார்.

"நீ வருத்தப்படாதலே. உண்மையச் சொல்லட்டுமா? நீ நூத்துக்கு நூறு வாங்கியிருந்தாலும் உன்னைய வண்டியிலருந்து எறக்கியிருக்க மாட்டேன். என்னமாச்சும் சொல்லித் தட்டித்தான் விட்டிருப்பேன். பின்னால வாற வண்டி காலியா வருது, உன் வண்டியில தொங்கிக்கிட்டு வாறாக. உன்னையக் கொண்டுபோயி நாக்காலியில உக்கார வைக்க எனக்கென்ன கிறுக்கா? இன்னும் பதினாலு வருசம் இப்படியே நில்லு!"

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு புது விசிலை எடுத்து அவன் கையில் வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"நிக்கதுக்கு என்ன மொதலாளி" என்றான் வீரபாகு. "என் ஒசரத்துக்கு நின்னாலும் உக்காந்த மாதிரிதான்."

மறுபடியும் கை தட்டினார்கள். பரீது மட்டும் அவன் பக்கத்தில் வந்து, மெதுவாக, "அண்ணாச்சி" என்றான். வீரபாகு அவன் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்தான். விசிலை வாயில் வைத்துப் பலமாக ஒரு ஊது ஊதினான்.

கூட்டம் அவனோடேயே வீடுவரைக்கும் வந்தது. வாசலில் வைத்து வீரபாகு முழுக் கதையையும் முதலிலிருந்து நடித்துக் காட்டினான். முதலாளி பெஞ்சில் காலை ஒடுக்கியது, மலையைப் பார்த்தது, மச்சினன் கல்கத்தாவில் சம்பளம் தேடுவது. எதிர்வீட்டுக்காரர்கள்கூட வந்து நின்று சிரித்தார்கள். முப்பிடாதியம்மாள் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் கலைந்து போனதும் உள்ளே போய்ப் பாயை விரித்தாள். அவன் உட்கார்ந்து காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தான். வெயில் இன்னும் முற்றத்தை விட்டுப் போகவில்லை.

"சொல்லி முடிச்சாச்சா?" என்றாள்.

"முடிச்சாச்சு."

"இப்பம் எனக்குச் சொல்லுங்க. சிரிப்பாணி காட்டாம."

வீரபாகு வாயைத் திறந்தான். ஒன்று நல்லதாக வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. முட்டியைத் தடவிக்கொண்டான்.

"கால் ரொம்ப வலிக்கு, முப்பிடாதி" என்றான். சொன்னதும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "நிக்க முடியலை. கடைசி நடை வரும்போது கம்பியப் பிடிச்சித் தொங்கிக்கிட்டுத்தான் வாறேன். அந்த நாக்காலி எனக்கு வேணும்னு இருந்துச்சு."

"இதை மொதலாளிகிட்டச் சொன்னியளா?"

"எதை?"

"இப்பம் எங்கிட்டச் சொன்னதை. கால் வலிக்கு, நிக்க முடியலைன்னு. அந்த மனுசன்கிட்ட என்னைக்காவது ஒரு வார்த்த சொன்னியளா?"

வீரபாகு யோசித்தான். ஷெட்டில் பேர் கொடுத்தபோது சொல்லவில்லை. டீச்சரிடம் சொல்லவில்லை. வண்டியில் ஆயிரம் பேருக்குக் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறான், ஒருவரிடமும் சொல்லவில்லை. முதலாளிக்குக்கூட அந்தக் கங்கை யமுனைக் கேலி தெரியும், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"இல்ல" என்றான்.

"நாளைக்குப் போயிச் சொல்லுங்க. அந்த நாக்காலி இல்லாட்டா ஷெட்டுல உக்காந்து பாக்க வேற வேல இருக்கும். சும்மா போயி, வாயில வேற ஒண்ணையும் வரவிடாம, இதை மட்டும் சொல்லிட்டு வாங்க. சொல்லுவியளா?"

முதலாளியின் முகத்தை நினைத்துப் பார்த்தான். அவனைக் கண்டதும் சிரிக்கத் தயாராக விரிகிற முகம். அந்த முகத்துக்கு முன்னால் போய் நின்று, கால் வலிக்கிறது என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். ஏழாங்கிளாஸ் பரீட்சை எவ்வளவோ தேவலாம்.

"நீயும் கூட வாறியா?" என்று கேட்டான்.